அந்தச் சொட்டு மருந்தை அப்படிக் குடுக்காதீங்க அண்ணாச்சி

கோபத்துலதான் எழுதுறேன். முதல்லயே சொல்லிடுறேன்.

போன வாரம் சிவகாசியில ஒரு மெடிக்கல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். எனக்கு முன்னாடி ஒரு அக்கா. வெடி ஆபீஸ் விட்டு நேரா வந்திருக்காங்க. முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் ஒட்டி வெள்ளியா மின்னுது. சேலை முந்தானையால ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டே, "கண்ணு உறுத்துது அண்ணாச்சி, மூணு நாளா தண்ணியா வடியுது"ன்னாங்க.

அண்ணாச்சி கண்ணைப் பார்க்கல. என்ன விழுந்துச்சுன்னு கேட்கல. பின்னாடி தட்டுல கைய விட்டு ஒரு பாட்டிலை எடுத்து, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு விடுங்க, சரியாயிரும்"னு குடுத்துட்டாரு.

எட்டிப் பார்த்தேன். மாக்ஸிஃப்ளாக்சசின், கூடவே டெக்ஸாமெத்தசோன். ஒண்ணு ஆன்டிபயாடிக், ஒண்ணு ஸ்டீராய்டு.

எனக்குக் கை நடுங்கிருச்சு. அந்தக் கூட்டு மருந்து எங்க வீட்டுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு பார்த்தவன் நான். அந்த அக்காகிட்டப் பேசி, மருந்தைத் திருப்பிக் குடுக்க வச்சு, கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பினேன். போனாங்களா இல்லையான்னு தெரியல. அதனாலதான் இந்தப் பதிவு. அவங்க படிக்க மாட்டாங்க. அவங்க மக படிக்கலாம்.

சரி, எங்க வீட்டுக் கதை.

எங்க மதினி பட்டாசுக்குக் குழாய் உருட்டுற வேலைக்குப் போறவங்க. ஒருநாள் காத்துல தூசி பறந்து கண்ணுல விழுந்திருக்கு. கசக்கியிருக்காங்க. பக்கத்துல இருந்த ஒருத்தர் ஊதி விட்டிருக்காரு. சாயங்காலம் மெடிக்கல்ல இதே மாதிரி ஒரு கூட்டு மருந்து. ரெண்டு நாள்ல சிவப்பு குறைஞ்சிருச்சு. "நல்லாருச்சு தம்பி"ன்னு போன்ல சொன்னாங்க.

சிவப்பு குறைஞ்சதுதான் ஏமாத்து. ஸ்டீராய்டோட வேலையே அதுதான், வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கிடும். கிருமி உள்ள நிம்மதியா இருக்கும். வெளிய பார்க்கிறவங்களுக்குக் கண்ணு நல்லாருச்சுன்னு தோணும்.

அப்புறம் திரும்பவும் வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியல. கருவிழியில வெள்ளையா ஒரு புள்ளி. எங்க அம்மா பார்த்துட்டு, "கண்ணுல பூ விழுந்திருக்கு"ன்னு சொன்னாங்க. அன்னிக்கே மதுரைக்குக் கிளம்பினோம்.

அங்க என்ன நடந்துச்சுங்கிறதுதான் இந்தப் பதிவுல நான் முக்கியமாச் சொல்ல நினைக்கிறது.

டாக்டர் உடனே மருந்து எழுதல. கண்ணை மரத்துப்போகச் செய்யுற சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப் மாதிரி ஒரு கருவிக்கு முன்னாடி உட்கார வச்சு, ரொம்பச் சின்ன கத்தியால அந்தப் புண்ணோட ஓரத்தைச் சுரண்டி எடுத்தாங்க. (படிக்கும்போதே உங்களுக்குக் கூசுதா? வலிக்கலைன்னு மதினி சொன்னாங்க. பயம்தான்.) அதைக் கண்ணாடிச் சில்லுல தடவி ஒண்ணு, ரத்தம் கலந்த ஜெல்லி மாதிரி இருக்கிற தட்டுல தடவி ஒண்ணு. சில்லுல தடவினதைச் சாயம் போட்டு உடனே மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. பாக்டீரியாவா, பூஞ்சையான்னு கொஞ்ச நேரத்துல ஓரளவு தெரிஞ்சிரும். தட்டுல தடவினது வளரணும். அதுக்கு ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். வளர்ந்த கிருமி மேல வேற வேற ஆன்டிபயாடிக்கை வச்சுப் பார்த்து, எதுக்கு சாகுது, எதுக்கு சாகலைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுப்பாங்க.

அந்தத் தாளை நான் இன்னும் வச்சிருக்கேன். ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ். மனுஷன் தோல்லயும் மூக்குலயும் சும்மா குடியிருக்கிற கிருமிதான். அதுக்கு நேரா மருந்துப் பேர் வரிசையா இருக்கும், பக்கத்துல ஆர் இல்லைன்னா எஸ். எஸ்ஸுன்னா மருந்து கேட்கும். ஆருன்னா கேட்காது.

மாக்ஸிஃப்ளாக்சசினுக்கு நேரா ஆர்.

அதாவது, மதினி விட்டுக்கிட்டு இருந்த மருந்துல ஆன்டிபயாடிக் பாதி வேலையே செய்யல. ஸ்டீராய்டு பாதி மட்டும் வேலை செஞ்சிருக்கு. அதுவும் கிருமிக்குச் சாதகமா.

இப்ப ஒரு கேள்வி வரும். கிருமி ஏன் மருந்துக்கு அடங்காமப் போகுது? நம்ம கரிசக்காட்டுல கோரை பறிச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். மேல இருக்கிற புல்லை மட்டும் பிய்ச்சுப் போட்டா உள்ள கிழங்கு அப்படியே இருக்கும், அடுத்த மழைக்கு அதுதான் முளைச்சு வரும். காலைல ஒரு சொட்டு, ராத்திரி ஒரு சொட்டுன்னு விட்டா, லேசுல சாகுற கிருமி சாகும், மருந்தைத் தாங்குறது பொழைச்சுக்கும். மிச்சம் இருக்கிற பாட்டில் அடுத்த கண்வலிக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, அடுத்த வருஷத்துக்கு. பொழைச்ச கிருமிதான் பெருகும்.

நானா சொல்லல. நம்ம பக்கத்து ஆட்கள் கண்ணை வச்சே நிரூபிச்சது இது. 2006ல இருந்து 2010 வரைக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவுல சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்கிற ப்ராக்டர் நிறுவனமும் சேர்ந்து, பாக்டீரியாவால கருவிழியில புண் வந்த 500 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினாங்க. அதுல பெரும்பாலானவங்க மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் அரவிந்துக்கு வந்தவங்க. எல்லாருக்கும் மாக்ஸிஃப்ளாக்சசின். பாதிப் பேருக்குக் கூடவே ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு வெறும் சொட்டு.

2012ல முடிவு வந்துச்சு. மொத்தமாப் பார்த்தா மூணு மாசம் கழிச்சு ஸ்டீராய்டு விட்டவங்களுக்கும் விடாதவங்களுக்கும் பார்வையில வித்தியாசம் இல்ல. நோகார்டியான்னு மண்ணுல வாழுற ஒரு பாக்டீரியா இருக்கு, அது வந்தவங்களுக்கு ஸ்டீராய்டு கெடுதலே பண்ணுச்சு. இத்தனைக்கும் அந்த ஆய்வுல என்ன கிருமின்னு முதல்ல வளர்த்துப் பார்த்து, ஆன்டிபயாடிக்கை ரெண்டு நாளைக்கு விட்டுட்டு, அப்புறம்தான் டாக்டர் கண்காணிப்புல ஸ்டீராய்டை ஆரம்பிச்சாங்க. நம்ம மெடிக்கல்ல முதல் சொட்டுலயே ரெண்டும் சேர்ந்து போகுது.

அதே ஆய்வுல கிடைச்ச கிருமிகளை வச்சு இன்னொண்ணும் பார்த்தாங்க. ஒரு கிருமி வளராம நிறுத்தக் குறைஞ்சது எவ்வளவு மருந்து வேணும்னு ஒரு அளவு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே மாக்ஸிஃப்ளாக்சசின் ரக ஆன்டிபயாடிக் சொட்டை விட்டுட்டு வந்தவங்க கண்ணுல இருந்த கிருமிக்கு அந்த அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்துச்சு. அந்த அளவு கூடக் கூட, குணமான பிறகு கிடைச்ச பார்வையும் குறைவாத்தான் இருந்துச்சு.

இதைப் படிச்சப்போ மதினி முகம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

மதினிக்கு எழுதினது வான்கோமைசின். இது கண் சொட்டாக் கடையில கிடைக்காது. ஊசி மருந்தை எடுத்து, ஆஸ்பத்திரி மருந்தகத்துலயே சுத்தமான முறையில கலக்கி, 5 சதவீதக் கரைசலாப் பாட்டில்ல அடைச்சுக் குடுப்பாங்க. வீரியம் கூட்டின சொட்டுன்னு வச்சுக்கோங்க. எரியும். கொஞ்ச நாள்தான் தாங்கும், அதுவும் ஃபிரிட்ஜ்ல.

மணிக்கு ஒரு தடவை விடணும். பகல்ல மட்டும் இல்ல, முதல் ரெண்டு நாள் ராத்திரியும்தான்.

இது சொல்றதுக்கு லேசு. ஆஸ்பத்திரியில நர்ஸ் பார்த்துக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்த பிறகும் இடைவெளி கொஞ்சம்தான் கூடுச்சு. அதுல நாங்க கத்துக்கிட்ட சிலதைச் சொல்றேன், யாருக்காவது உதவும்.

முதல்ல போன்ல அலாரம் வச்சோம். அண்ணன் அலாரத்தை அமத்திட்டுத் தூங்கிருவாரு (பாவம், அவரும் வேலைக்குப் போய்ட்டு வர்றவரு). அப்புறம் ஷிஃப்ட் போட்டோம். பத்து மணி வரைக்கும் அம்மா, ரெண்டு மணி வரைக்கும் நான், விடியக்காலம் அண்ணன். ஒரு நோட்டுல நேரம் எழுதி டிக் போடுறது. அப்புறம்தான் ஒழுங்கா நடந்துச்சு.

ரெண்டு பாட்டில். ஒண்ணு வான்கோமைசின், இன்னொண்ணு கண்மணியை விரிக்கிறது. அரைத்தூக்கத்துல எது எதுன்னு தெரியாது. எங்க வீட்டுல லேபிள் பேப்பர் வெட்டுத் துண்டுக்கா பஞ்சம்? அச்சாபீஸ்ல இருந்து வந்த சிவப்புத் தாளை ஒண்ணுலயும் பச்சைத் தாளை ஒண்ணுலயும் ஒட்டிட்டோம். தொறந்த தேதியையும் அதுலயே எழுதியாச்சு.

ஒரு மருந்து விட்டதும் அடுத்ததை உடனே விடக்கூடாது. அஞ்சு நிமிஷம் இடைவெளி வேணும், இல்லைன்னா ரெண்டாவது முதலாவதை அடிச்சுக்கிட்டுப் போயிரும். ஒரு சொட்டு போதும். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு, அந்தப் பள்ளத்துல விடணும். பாட்டில் மூக்கு இமையிலயோ முடியிலயோ படவே கூடாது. பட்டா கண்ணுல இருக்கிற கிருமி பாட்டிலுக்குள்ள போயிரும், அடுத்த சொட்டுல திரும்பக் கண்ணுக்கே வரும். விடுறவங்க கைய முன்னாடியும் பின்னாடியும் சோப்புப் போட்டுக் கழுவணும்.

கரண்ட் போனா ஃபிரிட்ஜ் என்ன ஆகுறது? சின்ன டிபன் டப்பாவுல பாட்டிலை வச்சு, அதைப் பெரிய தூக்குவாளிக்குள்ள ஐஸ்கட்டியோட வச்சோம். பாட்டில் ஐஸ் மேல நேரா உட்காரக் கூடாது, உறையக் கூடாது.

கண்ணு பொழைச்சிருச்சு. புண் ஆறி ஓரத்துல ஒரு தழும்பு இருக்கு. நடுவுல இல்லாததால பார்வை இருக்கு. நடுவுல விழுந்திருந்தா வேற கண் தானமா வாங்கிக் கருவிழி மாத்தணும். அதுக்கும் வரிசை, அதுக்கும் மறுபடி மறுபடி ஓட்டம்.

இதுல பாக்டீரியாவைப் பத்தி மட்டும் பேசிக்கிட்டு இருக்கேன். நம்ம ஊர்ல பாதிக் கதைதான் அது.

1994 ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் மதுரை அரவிந்துல கருவிழிப் புண்ணோட வந்த 434 பேரைப் பத்தி டாக்டர் எம். ஸ்ரீனிவாசன் குழு எழுதின கட்டுரை 1997ல வந்துச்சு. மூணுல ரெண்டு பேருக்குக் கண்ணுல ஏதோ பட்டு, கீறி, அதுல இருந்துதான் புண் வந்திருக்கு. பெரும்பாலும் காட்டு வேலையில. கிருமி வளர்ந்தவங்கள்ல 47 சதவீதம் பாக்டீரியா, கிட்டத்தட்ட அதே 47 சதவீதம் பூஞ்சை. சரிக்குச் சரி!

யோசிச்சுப் பாருங்க. மக்காச்சோளத் தோகை கிழிச்சாலும், கரிமூட்டத்துல சீமைக்கருவேல முள்ளு பட்டாலும், வெடி ஆபீஸ்ல தூசி விழுந்தாலும் கண்ணு ஒரே மாதிரிதான் சிவக்கும். பூஞ்சையா இருந்தா உலகத்துல எந்த ஆன்டிபயாடிக்கும் அதை ஒண்ணும் பண்ணாது. அதுக்கு நாட்டமைசின்னு தனிச் சொட்டு இருக்கு. (பழைய மருந்துதான். புதுசா வந்த வோரிகோனசோலை விட அதுதான் நல்லா வேலை செய்யுதுன்னு இதே அரவிந்த் ஆட்கள் 2013ல காட்டினாங்க.) பூஞ்சைக்கு மேல ஸ்டீராய்டு விட்டா எரியுற தீயில வெடியுப்பைப் போட்ட கதைதான். சுரண்டிப் பார்க்காம எதுன்னு அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? டாக்டருக்கே சுரண்டாமத் தெரியாது.

இதே மதுரை மாவட்டத்துல வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர்ல 113 பேருக்குக் கருவிழிப் புண் வருதுன்னு 1996ல கணக்குப் போட்டாங்க. அமெரிக்காவுல ஒரு ஊரோட ஒப்பிட்டா பத்து மடங்கு. பக்கத்து மாவட்டம் நாம. வெயிலும் தூசியும் முள்ளும் நமக்கும் அதேதான்.

மெட்ராஸ் ஐ வந்தாலும் மெடிக்கல்தான் போறோம். அது பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் தேவையே இல்ல, தானாப் போயிரும். 2022 நவம்பர்ல தமிழ்நாடு பூரா பரவினப்போ எத்தனை வீட்டுல எத்தனை பாட்டில் பாதி மிச்சம் கிடந்திருக்கும்னு நினைச்சா வயிறு எரியுது.

சட்டம் இல்லாம இல்ல. மாக்ஸிஃப்ளாக்சசின் ஹெச்1 பட்டியல்ல இருக்கு. 2014 மார்ச்சுல இருந்து அமல்ல இருக்கிற பட்டியல் அது. மத்த பூச்சு மருந்துக்கெல்லாம் விலக்கு உண்டு, கண் சொட்டுக்கு விலக்கு கிடையாது. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாது. விக்கிறப்போ டாக்டர் பேரு, நோயாளி பேரு, எவ்வளவு குடுத்தோம் எல்லாம் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். அட்டைப் பெட்டியிலயே சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடிச்சிருக்கும். அந்தப் பெட்டிகளை அச்சடிக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு அதைப் படிக்காம வாங்குறோம், படிக்காம விக்கிறோம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லணும், இது மனசை ரொம்ப உறுத்துது.

இதே மாக்ஸிஃப்ளாக்சசின் கண்புரை ஆபரேஷன்ல என்ன பண்ணுதுன்னு தெரியுமா? ஆபரேஷன் முடியுறப்போ கண்ணுக்கு உள்ளேயே துளியூண்டு செலுத்துறாங்க. அரவிந்துல ஆறு லட்சத்துக்கும் மேல ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 2017ல எழுதினாங்க. மருந்து செலுத்தாதப்போ கண்ணுக்குள்ள சீழ் பிடிக்கிறது 0.07 சதவீதம். செலுத்தினப்போ 0.02 சதவீதம். அந்தச் சின்ன எண்ணுக்குப் பின்னாடி பார்வை தப்பிச்சவங்க நூத்துக்கணக்குல இருக்காங்க, நம்ம தாத்தா பாட்டிகள். எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்துல பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, மூட்டு வாதத்துல விரல் முடங்கியும் ஆபரேஷன் பண்ணவரு, 1976ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்ச இடம் அது. அங்க லட்சக்கணக்கான கண்ணைக் காப்பாத்துற மருந்தை, இங்க உறுத்தலுக்கும் அரிப்புக்கும் அள்ளி விட்டு வீணடிக்கிறோம்.

இந்த மருந்தெல்லாம் கேட்காமப் போனா அடுத்து என்ன? இருக்கு, ஆனா கொஞ்சம்தான். அமிக்காசின், செஃப்டாசிடிம்னு கலக்கித் தர்ற சொட்டுகள். சூடோமோனாஸ்னு ஒரு முரட்டுக் கிருமி, கருவிழியை ரெண்டே நாள்ல கரைச்சிரும். அது எதுக்கும் அடங்காதப்போ ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில கோலிஸ்டினை 0.19 சதவீதச் சொட்டாக் கலக்கி விட்டு, 2014ல எழுதினாங்க. கோலிஸ்டின் பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்குதுன்னு ஒதுக்கி வச்சிருந்ததை வேற வழியில்லாம எடுத்திருக்காங்க. அதையும் கோழிக்குப் போட்டுக்கிட்டு இருந்தோம், 2019லதான் தடை வந்துச்சு.

அந்த சூடோமோனாஸ் 2023ல நம்ம தமிழ்நாட்டுப் பேரோட அமெரிக்காவுல செய்தியில வந்துச்சு. சென்னைப் பக்கம் இருக்கிற குளோபல் பார்மா ஹெல்த்கேர் தயாரிச்ச, எஸ்ரிகேர்ங்கிற பேர்ல வித்த கண்ணீர்ச் சொட்டு. கண்ணு காய்ஞ்சா விடுற சாதாரணச் சொட்டு. பிப்ரவரியில கம்பெனி திரும்பப் பெற்றுக்கிச்சு. மே மாசக் கணக்குப்படி 18 மாநிலத்துல 81 பேருக்குத் தொற்று. 14 பேருக்குப் பார்வை போச்சு. 4 பேருக்குக் கண்ணையே எடுத்தாங்க. 4 பேர் இறந்தாங்க. நோயாளிகள் தொறந்து பயன்படுத்தின பாட்டில்கள்ல அதே கிருமி இருந்துச்சுன்னு அமெரிக்கா சொல்லுச்சு. இங்க எடுத்துப் பார்த்த மாதிரிகள்ல கிருமி இல்லைன்னு செய்தி வந்துச்சு. பல மருந்துக்கு அடங்காத ரகம் அது, அமெரிக்காவுல அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையாம்.

அந்த மருந்துல கெடாம வைக்கிற ரசாயனமும் கிடையாது. அப்படிப்பட்ட பாட்டிலை ஒருத்தர் பல நாள் விட்டா என்ன ஆகும்னு பார்த்துக்கோங்க. தொறந்த பாட்டில் எதுவா இருந்தாலும் ஒரு மாசத்துக்கு மேல வேண்டாம். இன்னொருத்தர் கண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் போறவங்களுக்கு: கண்ணுல மருந்துத் தூசி விழுந்தா கசக்காதீங்க, ஊதாதீங்க. நல்ல தண்ணியைக் கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுக் கால் மணி நேரமாவது ஊத்திக் கழுவுங்க. எண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதுவும் வேண்டாம். போர்மேன் திட்டுவாருன்னு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க. கழுவினதும் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலியோ, வெளிச்சத்துக்குக் கூச்சமோ, கருவிழியில வெள்ளைப் புள்ளியோ இருந்தா நாளைக்குன்னு தள்ளவே தள்ளாதீங்க.

கண் டாக்டர்கிட்ட, "சுரண்டிப் பார்க்கணுமா டாக்டர்?"னு நீங்களே கேளுங்க. கேட்கிறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட் வந்ததும் ஆர், எஸ் எங்கன்னு காட்டச் சொல்லுங்க.

போறப்போ, அதுவரைக்கும் விட்ட பாட்டில் எல்லாத்தையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. யார் குடுத்தா, எத்தனை நாள் விட்டீங்கன்னு மறைக்காமச் சொல்லுங்க. மதினிகிட்ட டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இதுவரைக்கும் என்ன மருந்து விட்டீங்க?"ங்கிறதுதான். அந்தப் பாட்டிலைப் பார்த்த பிறகுதான் எந்த மருந்துல ஆரம்பிக்கிறதுன்னே முடிவு பண்ணாங்க.